எட்டு வினாடிச் சிரிப்பு

சென்ற மாதம் ஆவடியில் ஒரு நினைவுக் கூட்டம். இறந்துபோன எழுத்தாளரின் பெயர் இங்கே அவசியமில்லை. கூட்டத்தில் நாற்பது பேர் இருந்தோம். பாதிப் பேர் எழுதுகிறவர்கள், மீதிப் பேர் எழுதி நிறுத்தியவர்கள். மேஜைமேல் வழக்கமான மாலை போட்ட படம் இல்லை. சுவரில் ஒரு திரை தொங்கியது. விளக்கை அணைத்தார்கள். அவருடைய பழைய கறுப்பு வெள்ளைப் புகைப்படம் திரையில் வந்தது. கண்ணைச் சிமிட்டியது. தலையை இலேசாக இடப்பக்கம் சாய்த்தது. பிறகு பல் தெரியச் சிரித்தது.

முப்பது வருஷங்கள் அவரை எனக்குத் தெரியும். அவர் சிரிப்பதென்றால் மூக்கால் ஒரு மூச்சு விடுவார், அவ்வளவுதான். அந்த மூச்சுக்கு நாங்கள் பயந்திருக்கிறோம். எத்தனையோ கதைகளை அந்த மூச்சைக் கேட்டுவிட்டு நானே கிழித்துப் போட்டிருக்கிறேன். திரையில் சிரித்த மனிதர் ஒரு கூட்டுறவு வங்கியின் காலண்டரிலிருந்து இறங்கி வந்தவர்போல இருந்தார். எட்டு வினாடி முடிந்ததும் படம் மறுபடி தொடக்கத்துக்குப் போனது. சிரித்துக்கொண்டிருந்த முகம் ஒரு வெட்டில் கடுகடுப்பானது. மறுபடி கண் சிமிட்டல், மறுபடி சிரிப்பு. பேச்சாளர்கள் பேசிய ஒரு மணி நேரமும் அவர்கள் முதுகுக்குப் பின்னால் அவர் சிரிப்பதும் சிரிப்பைத் துறப்பதுமாக இருந்தார். படம் முதல்முறை அசைந்தபோது கூட்டம் கை தட்டியது. நானும் தட்டினேன். இந்தக் கட்டுரையை எழுத அதுவும் ஒரு காரணம்.

இதை ஒரு வேடிக்கை என்று விட்டுவிடலாம் என்றார்கள் நண்பர்கள். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் வேறு யாராவதாக இருந்திருந்தால் விட்டுவிட்டிருப்பேன். 'எழுத்து' 1959இல் வந்த நாளிலிருந்து படிமம் என்ற சொல்லை வைத்துக்கொண்டு நாம் போட்ட சண்டைகள் கொஞ்சமல்ல. கவிதையில் ஒரு படிமம் நிற்க வேண்டும், அது தன்னை விளக்கிக்கொள்ளக் கூடாது, அது சொல்லாமல் விட்டதை வாசகன் தன் அனுபவத்தால் எட்ட வேண்டும் என்றெல்லாம் சொன்னவர்கள் நாம். அப்படிப்பட்ட கூட்டம், நின்றுகொண்டிருந்த ஒரு படத்தைப் பிடித்து உலுக்கிச் சிரிக்க வைத்ததற்குக் கை தட்டியது. ரசனையில் எங்கேயோ ஒரு கோளாறு இருக்கிறது. அது யந்திரம் வந்த பிறகு தோன்றியதாக எனக்குப் படவில்லை.

முதலில் யந்திரம் செய்வது என்ன என்று பார்க்கலாம். 2021 பிப்ரவரியில் மைஹெரிடேஜ் என்ற வம்சாவளி நிறுவனம் பழைய புகைப்படத்து முகங்களை அசைய வைக்கும் ஒரு வசதியை வெளியிட்டது. பகத் சிங் கண் சிமிட்டினார். விவேகானந்தர் தலை திருப்பினார். எனக்கு வந்தவற்றில் பாரதியும் இருந்தார். அந்த முறையில் முன்னமே படம் பிடித்து வைத்திருந்த யாரோ ஒருவருடைய தலையசைப்பும் கண்ணசைப்பும் பழைய முகத்தின்மேல் ஏற்றப்பட்டன. ஊர் பேர் தெரியாத ஒருவரின் கழுத்து பாரதிக்கு. இதில் ஒரு நேர்மை இருந்தது என்றுகூடச் சொல்வேன். பொம்மலாட்டத்தில் நூல் பிடிக்கும் கை எங்கோ இருக்கிறது என்பது தெரிந்த விஷயம்தானே.

இப்போது நடப்பது வேறு. 2025 ஜூலையில் கூகுள் தன் ஜெமினியில் ஒரு புகைப்படத்தைக் கொடுத்தால் சத்தத்தோடு எட்டு வினாடி வீடியோவாக்கித் தரும் ஏற்பாட்டைச் சேர்த்தது. இதைப் போலப் பல கம்பெனிகள் பல பெயர்களில் தருகின்றன. கோடிக்கணக்கான அசையும் காட்சிகளைத் தின்று வளர்ந்த யந்திரம் இது. நாம் கொடுக்கும் படத்தை முதல் சட்டகமாக வைத்துக்கொண்டு, மீதிச் சட்டகங்களை வெறும் புள்ளி இரைச்சலிலிருந்து படிப்படியாகத் துடைத்து எடுக்கிறது. இந்த மாதிரி ஒரு படத்துக்குப் பிறகு வழக்கமாக என்ன வரும் என்பதுதான் அது தன்னைக் கேட்டுக்கொள்ளும் ஒரே கேள்வி. வழக்கமாக மனிதர்கள் கேமராவைப் பார்த்தால் சிரிக்கிறார்கள். பெண்கள் முடியை ஒதுக்குகிறார்கள். காற்று அடிக்கிறது. எட்டு வினாடிக்கு, வினாடிக்கு 24 வீதம் 192 சட்டகங்கள். இவற்றில் ஒன்றுதான் இறந்தவருடையது. 191 உலகத்துச் சராசரியுடையவை.

1895 டிசம்பரில் பாரிஸில் லூமியேர் சகோதரர்கள் காட்டியதும் இப்படித்தான் ஆரம்பித்தது என்று ஒருவர் கூட்டத்தில் சொன்னார். உண்மைதான். திரையில் முதலில் ஒரு நின்ற படம் விழும். பார்க்க வந்தவர்கள் இதற்குத்தானா என்று முகம் சுளிப்பார்கள். பிறகு கைப்பிடியைச் சுற்றுவார்கள், குதிரை வண்டி நகரும். 1905இல் திருச்சியில் ரயில்வேயில் இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், துபோன் என்ற பிரெஞ்சுக்காரரிடம் யந்திரத்தை வாங்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனபோதும் ஜனங்கள் வாய் பிளந்துதான் பார்த்திருப்பார்கள். ஆனால் லூமியேரின் இரண்டாவது சட்டகத்துக்கும் எதிரே ஒரு குதிரை நின்றது. மூன்றாவதற்கும் நின்றது. நம்முடைய இரண்டாவது சட்டகத்துக்கு எதிரே யாரும் நிற்கவில்லை.

க்ரிஸ் மார்க்கர் 1962இல் 'லா ஜெத்தே' என்று ஒரு படம் எடுத்தார். அரை மணிக்கும் குறைவு. ஏறக்குறைய முழுவதும் அசையாப் புகைப்படங்களால் ஆனது. ஓரிடத்தில் மட்டும், படுத்திருக்கும் பெண் கண் திறந்து நம்மைப் பார்க்கிறாள். அந்தச் சில வினாடிகள் படம் அசைகிறது. திரைப்படச் சங்கத்துக் காட்சியொன்றில் அதைப் பார்த்தபோது பக்கத்தில் இருந்தவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அசைவு அங்கே ஒரு சம்பவம். அதற்கு முன்னால் இருந்த அத்தனை நிச்சலனமும் சேர்ந்து அந்தச் சிமிட்டலைச் சம்பாதித்துக் கொடுத்தது. இன்று எல்லாப் படமும் கண் சிமிட்டும் என்றாகிவிட்டது. ஒருவேளை அசையாமல் இருப்பதுதான் இனி சம்பவமோ என்னவோ.

அரசியல்காரர்கள் நம்மைவிடச் சுறுசுறுப்பு. 2018இல் இறந்த கருணாநிதி 2024 ஜனவரியில் டி. ஆர். பாலுவின் சுயசரிதை வெளியீட்டில் திரையில் தோன்றி வாழ்த்துரை வழங்கினார். கறுப்புக் கண்ணாடி, மஞ்சள் சால்வை. அடுத்த மாதமே அ.தி.மு.க. ஜெயலலிதாவின் குரலைப் பேச வைத்தது. அதே ஆண்டு செப்டம்பரில், இறந்து ஒரு வருஷம்கூட ஆகாத விஜயகாந்த் ஒரு விஜய் படத்தில் வந்து போனார். கருணாநிதி விஷயத்தில் நான் கவனித்தது அந்தக் கண்ணாடியைத்தான். இந்த வித்தையில் கண்தான் முதலில் காட்டிக்கொடுக்கும். கண்ணாடி அந்தச் சிக்கலைத் தீர்த்துவிட்டது. தன்னை ஒரு சில அடையாளங்களாகச் சுருக்கிக்கொண்ட பொது மனிதர்கள் யந்திரத்துக்கு எளிய இரை. கண்ணாடி, தொப்பி, சால்வை, கரகரத்த குரல் இருந்தால் போதும், ஆள் வேண்டாம். கட் அவுட் கலாசாரத்தில் வளர்ந்த நமக்கு இதில் அதிர்ச்சி ஏன் வரவில்லை என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் தேட வேண்டியதில்லை.

2025 ஆகஸ்டில் 'அம்பிகாபதி'யை, அதாவது 2013இல் வந்த 'ராஞ்சனா'வின் தமிழ் வடிவத்தை, செயற்கை நுண்ணறிவைக் கொண்டு முடிவு மாற்றி மறுபடி திரையிட்டார்கள். செத்துப்போக வேண்டிய நாயகன் பிழைத்துக்கொண்டான். இயக்குநர் ஆனந்த் எல். ராயும் நடித்த தனுஷும் ஆட்சேபித்தார்கள். அந்தப் படத்தைப் பெரிய கலைப் படைப்பு என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் இதில் வெளிப்படுகிற மனோபாவம் நம் கூட்டத்துத் திரையில் கண்டதேதான். துக்கத்தைத் துடைத்துவிட வேண்டும் என்ற அவசரம். முடிந்து போனதை முடிந்து போனதாக விட்டுவைக்கப் பொறுக்காத ஒரு கை.

புகைப்படத்துக்கு இந்த எட்டு வினாடி என்பது கவிதைக்குக் கோனார் உரை மாதிரி. ஒரு வரி புரியவில்லை என்றால் உடனே பதவுரை, பொழிப்புரை, அருஞ்சொற்பொருள். படத்தில் ஒருவர் பேசாமல் நம்மைப் பார்க்கிறார் என்றால் அது பொறுக்கவில்லை; ஏன் பார்க்கிறார், அடுத்து என்ன செய்தார் என்பதை யாராவது சொல்லிவிட வேண்டும். பாரதியின் புகைப்படங்கள் விரல் விட்டு எண்ணிவிடக்கூடியவை. சுவர்களில் தொங்கும் முண்டாசு முகத்தில் ஓவியர் ஆர்யாவின் கை எவ்வளவு என்பது தனிக் கதை. அந்தச் சில புகைப்படங்களின் முன்னால் உட்கார்ந்து ஒருவன் ஒரு மணி நேரம் பார்க்கலாம். அந்த முகம் இறுகியிருப்பது பசியாலா, கோபத்தாலா, அல்லது அந்தக் காலத்துக் கேமராவுக்கு முன்னால் அசையாமல் நிற்கச் சொன்னதாலா என்று யோசிக்கலாம். முடிவுக்கு வர முடியாது. முடிவுக்கு வர முடியாத அந்த ஒரு மணி நேரம்தான் படம். கண் சிமிட்டிய பாரதியை நான் ஒரு தடவைக்கு மேல் பார்க்கவில்லை, பார்க்க ஒன்றுமில்லை.

இதுவரை எழுதியதை நண்பர் ஒருவரிடம் காட்டினேன். கவிஞர், நல்ல வாசகர், அம்பத்தூரில் பட்டறை வைத்து நொடித்தவர். அவர் கேட்டார்: "ஸ்டூடியோக்காரன் மட்டும் என்ன அரிச்சந்திரனா? தாஜ்மகால் படுதாவுக்கு முன்னால நிக்க வெச்சான். இல்லாத காரில உக்கார வெச்சான். கறுப்பு முகத்தைப் பென்சிலால வெளுப்பாக்கினான். அப்பல்லாம் சும்மா இருந்துட்டு இப்ப ஏன் குதிக்கிறே?"

கேள்வி நியாயமானது. அவர் சொன்னதற்கு மேலும் உண்டு. புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தமிழ்நாட்டு ஸ்டூடியோக்களின் பழைய படங்களை, சுமார் 1880 முதல் 1980 வரையிலானவற்றை, திரட்டிப் பாதுகாக்கும் வேலையைச் செய்திருக்கிறது. நம் ஊர்களில் இறந்தவரை நாற்காலியில் நிமிர்த்தி உட்காரவைத்து, சுற்றிலும் குடும்பம் நின்று எடுத்துக்கொண்ட படங்கள் நிறைய. உயிரோடு இருந்தபோது ஒரு படம்கூட எடுக்காதவர்களுக்கு அதுதான் முதலும் கடைசியுமான படம். சில படங்களில் மூடிய கண்களை ரீடச் செய்கிறவர் தூரிகையால் திறந்துவிட்டிருப்பார். சிலைக்கு ஸ்தபதி கண் திறக்கிற நாட்டில் இது ஒன்றும் விபரீதமில்லை. செத்தவருக்குக் கண் திறந்த தூரிகையை ஏற்றுக்கொள்கிறவன் கண் சிமிட்டும் யந்திரத்தை ஏன் மறுக்க வேண்டும்?

இதற்குத் தத்துவார்த்தமாகப் பதில் சொல்ல எனக்குத் தெரியும். ரோலான் பார்த்தையும் ஆந்த்ரே பஸானையும் இழுத்து வந்து இரண்டு பக்கம் எழுதலாம். பார்த் தன் அம்மாவின் சிறுவயதுப் படத்தைப் பற்றி ஒரு புத்தகமே எழுதி, அந்தப் படத்தை மட்டும் அதில் அச்சிடாமல் விட்டார் என்பதைச் சொல்லிக் கைதட்டல் வாங்கலாம். அதைச் செய்யப் போவதில்லை. எங்கள் வீட்டுப் படம் ஒன்றைப் பற்றிச் சொல்கிறேன்.

என் அப்பா அம்பத்தூருக்கு வந்தது எஸ்டேட் எழும்பிக்கொண்டிருந்த அறுபதுகளில். ஆவடியில் 'விஜயந்தா' டாங்கி வெளியே வந்த காலம். அதற்குப் பத்து வருஷம் முன்னால் அதே ஆவடியில்தான் காங்கிரஸ் சோஷலிச மாதிரியிலான சமுதாயம் வேண்டும் என்று தீர்மானம் போட்டது. அப்பாவுக்கு ஒரு சின்ன பிரஸ் ஷாப்பில் வேலை. தகடு வைத்து, காலால் மிதித்து, அடித்த சாமானை எடுத்து, மறுபடி தகடு வைக்க வேண்டும். எத்தனை அடித்தோமோ அத்தனைக்குக் கூலி. 1971இல் ஒரு சாயந்திரம் கை உள்ளே இருக்கும்போது கால் மிதித்துவிட்டது. இடது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போயின. அப்போதிருந்த நஷ்டஈட்டுச் சட்டத்தின் அட்டவணைப்படி ஒரு கையில் இரண்டு விரல் போனால் சம்பாதிக்கும் சக்தியில் இழப்பு 20 சதவீதம். அட்டவணையில் கட்டைவிரலுக்கு 30. அப்பா இந்த எண்களைப் பிற்பாடு எங்களுக்குக் கணக்கு வாய்ப்பாடுபோலச் சொல்லிக் காட்டுவார். அம்பத்தூரில் அந்தக் காலத்தில் டீக்கடையில் கிளாஸ் பிடிக்கும் கைகளைப் பார்த்தே யார் எந்த மாதிரிப் பட்டறை என்று சொல்லிவிடலாம்.

1974இல் அம்மாவோடு ஓ.டி.க்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூடியோவில் படம் எடுத்துக்கொண்டார். அவருடைய ஒரே நல்ல படம் அது. அம்மா நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். அப்பா பக்கத்தில் நிற்கிறார். வலது கை தொங்குகிறது. இடது கை நாற்காலியின் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. இதை அப்பா செய்யவில்லையாம். ஸ்டூடியோக்காரர் லைட்டுகளைச் சரி செய்துவிட்டு வந்து, ஒன்றும் பேசாமல், அந்தக் கையைப் பிடித்து நாற்காலிக்குப் பின்னால் வைத்துவிட்டுப் போனாராம். வைத்த விதம் அப்பாவுக்குப் பிடித்திருந்தது. அந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் அவர் மரியாதையோடுதான் அந்த ஆளைப் பற்றிப் பேசுவார்.

நண்பரின் கேள்விக்கு எனக்குக் கிடைத்த பதில் அந்த நாற்காலி முதுகு. அது மறைப்புதான், பொய்தான். ஆனால் அது இரண்டு பேர் சேர்ந்து செய்த ஏற்பாடு. படம் எடுக்கப்படுகிறவர் அறிய, அவர் உடம்பைத் தொட்டுச் செய்தது. படத்தைப் பார்க்கிற எனக்கு அந்தக் கை தெரியாது. ஆனால் அது அங்கே இருக்கிறது. வீட்டில் மூன்று தலைமுறை அந்தப் படத்தைப் பார்த்து நாற்காலிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டிருக்கிறது. தாஜ்மகால் படுதாவும் அப்படித்தான். அது படுதா என்று நிற்கிறவருக்கும் தெரியும், பார்க்கிறவருக்கும் தெரியும். இறந்தவருக்குக் கண் வரைந்த தூரிகைக்காரர்கூட அந்த வீட்டில் அழுகைச் சத்தம் கேட்டவர், அந்தத் தெருவில் குடியிருந்தவர்.

ஆவடிக் கூட்டம் முடிந்த இரண்டாம் வாரம் ஞாயிற்றுக்கிழமை, தங்கை பையன் வீட்டுக்கு வந்தான். பூந்தமல்லிப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை. "மாமா, தாத்தாவைப் பாருங்க" என்று போனை நீட்டினான். 1974ஆம் வருஷத்துப் படம். அம்மா முகத்தில் ஒரு வெட்கம் வந்து போயிற்று. அப்பா அம்மாவைக் குனிந்து பார்த்தார். பிறகு நாற்காலிக்குப் பின்னாலிருந்து இடது கையை எடுத்து, நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கினார். ஐந்து விரல்கள். நீண்ட, ஒழுங்கான, வேலை செய்யாத விரல்கள். மோதிர விரலில் ஒரு மோதிரம்கூட இருந்தது. அப்பா ஜன்மத்தில் மோதிரம் போட்டதில்லை.

இந்த யந்திரங்களுக்கு முன்பெல்லாம் விரல் சரியாக வராது என்று கேலி செய்வார்கள். ஆறு விரல், ஏழு விரல் போடும். இப்போது தேர்ந்துவிட்டன. கோடிக் கைகளைப் பார்த்துக் கை என்றால் ஐந்து விரல் என்று கற்றுக்கொண்டுவிட்டன. அதனால்தான் அப்பாவுக்கும் ஐந்து. 20 சதவீதத்தை வட்டியும் மோதிரமுமாகத் திருப்பிக் கொடுத்தாயிற்று. பட்டறை இல்லை, பிரஸ் இல்லை, 1971 இல்லை. அந்த எட்டு வினாடியைப் போல ஒரு சரித்திரப் புரட்டை நான் எந்த மேடையிலும் கேட்டதில்லை. மருமகனைத் திட்டத்தான் வாயெடுத்தேன். அவனுக்குத் தாத்தாவின் கை தெரியும். அவனைத் தூக்கி வளர்த்த கை. "அதுவா வந்துச்சு மாமா. நான் கையைப் பத்தி ஒண்ணும் எழுதல. தாத்தா ஆயாவைப் பாக்கிற மாதிரின்னுதான் போட்டேன்" என்றான். பொய் சொல்லவில்லை என்று முகத்தில் தெரிந்தது.

அதற்குள் அம்மா, "என்னடா அது, குடு" என்று போனை வாங்கிக்கொண்டாள். எண்பது தாண்டியவள்; கண்ணாடியைத் தேடி மாட்டினாள். பார்த்தாள். முடிந்து மறுபடி ஓடியது. மறுபடி பார்த்தாள். நான் அவள் என்ன சொல்லப் போகிறாள் என்று காத்திருந்தேன். "உங்கப்பாவா இது" என்று அருவருப்போடு திருப்பிக் கொடுப்பாள் என்று எதிர்பார்த்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். இந்தக் கட்டுரைக்கு அது வசதியாக இருந்திருக்கும். அவள், "கை நல்லா இருக்கே" என்றாள். அவள் அதைச் சொன்ன தொனியை எழுத்தில் கொண்டுவர எனக்குத் திறமை போதவில்லை. மூன்று வருஷம் கட்டுப் பிரித்து, மருந்து போட்டு, அதற்குப் பிறகு முப்பத்தைந்து வருஷம் சோறு பிசைந்த கையையும் பிசையாத கையையும் பார்த்தவள் அவள். ஐம்பது வருஷங்களாக அவளுக்கு அந்த இரண்டு விரல்கள் வேண்டியிருந்திருக்கின்றன. யாரும் அவளைக் கேட்கவில்லை. நானும் கேட்டதில்லை, நான் சரித்திரத்தைப் பாதுகாத்துக்கொண்டிருந்தேன்.

மேலே எழுதியது எதையும் இதற்காக நான் மாற்றிக்கொள்ளவில்லை. அந்தக் கை பொய். அதைச் செய்த யந்திரத்துக்கு அம்மாவையும் தெரியாது, அப்பாவையும் தெரியாது. ஆனால் ஆவடிக் கூட்டத்தில் நாற்பது பேர் தட்டிய கைதட்டலுக்கும் அம்மா போனைப் பிடித்துக்கொண்டிருந்ததற்கும் ஒரே பெயர் வைக்க எனக்கு மனம் வரவில்லை. கவிஞ நண்பர், "உன் வாதத்துல ஓட்டை விழுந்துடுச்சு" என்கிறார். விழுந்திருக்கலாம்.

மூன்றாவது தடவை ஓடும்போது, அப்பாவின் கை நெற்றிக்குப் போகும் இடத்தில், அம்மா தன் விரலை அதன்மேல் வைத்தாள். திரையைத் தொட்டால் படம் நின்றுவிடும் என்று அவளுக்குத் தெரியாது. நின்றுவிட்டது. "நின்னு போச்சு" என்றாள். "குடுங்க ஆயா, மறுபடி போடறேன்" என்று பையன் கையை நீட்டினான். அவள் போனைக் கொடுக்கவில்லை.